நடுத்தரம்

மாடரேட், என்று எழுதினாள்
என் தாடையை டியூப்லைட் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு.
நடுத்தரம்.
என் சம்பளத்துக்கும் என் இந்திக்கும்
பொருந்துகிற அதே சொல்.

சயான் ஆஸ்பத்திரி, தோல் பிரிவு.
கேஸ் பேப்பரில் நான் மரியா புஷ்பா.
மரியபுஷ்பம் என்று திருத்துவதற்குள்
பின்னால் நின்ற நாற்பது பேரும்
ஓரடி முன்னால் வந்துவிட்டார்கள்.

களிம்பெல்லாம் பார்த்தாயிற்று.
சுரேகா பாதி தீர்த்துக் கொடுத்த ட்யூபில்
தலையணை உறைதான் வெளுத்தது.
தாடையோரம் மாதம் ஒரு வாரம்
புதிதாகக் குடியேறுகின்றன
அட்வான்ஸ் கொடுக்காமல்.

இனி உள்ளுக்குத்தான் என்றாள்.

டாக்ஸிசைக்ளின். மூன்று மாதம்.
ஒரு தம்ளர் தண்ணீர், நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கு,
உடனே படுக்காதே, பாலோடு வேண்டாம்.
வெயில் ஆகாது.
அதை எழுதவில்லை, எழுந்த வாக்கில் சொன்னாள்.
நான் கேஸ் மீட்டர் படிக்கிறவள்.
செம்பூரிலிருந்து கோவண்டி வரை
நாளுக்கு நூற்றுப்பத்து வீடு.
எனக்கு நிழல் என்றால்
மாடிப்படி.

அஸித்ரோமைசின்?
தொண்டைக்கு ஒரு தரம், காய்ச்சலுக்கு இரண்டு தரம்,
மருந்துக்கடைக்காரன் சீட்டுக் கேட்காமலே கொடுத்தது
எத்தனை பட்டை என்று நான் விரல் மடக்க மடக்க
அவள் அதை அடித்துவிட்டாள்.

அப்புறம் ஒன்று.
ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பது,
தாடைப் பருவும் அதற்குக் கேட்குமாம்.
அடிக்கடி ஒன்றுக்கு வரும், அவ்வளவுதான், என்றாள்.

அவ்வளவுதான்.

காலை ஏழரைக்கு வீட்டில் போனால்
அடுத்தது இரண்டரைக்கு, ஒரு உடுப்பி ஓட்டலில்.
அதற்கும் ஒரு டீ வாங்க வேண்டும்.
டீயைக் குடித்தால் திரும்பவும் வரும்.
நூற்றுப்பத்து அடுப்படிக்குள் போய் வருகிறேன்,
ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு கதவு,
உள்ளே வாளி, தாழ்ப்பாள், தண்ணீர்.
அங்கே போகலாமா என்று
நான்கு வருடத்தில் ஒருத்தியிடமும் கேட்டதில்லை.
தாகத்தைத் தள்ளிவைத்தே பழகிய உடம்பிடம்
இதை எப்படிக் கொடுப்பது டாக்டர்?

கருத்தடை மாத்திரையும் பருவுக்கு உண்டு.
இருபத்தொரு குண்டு, முதுகில் கிழமைப் பெயர்.
பத்துக்குப் பத்தில் நாங்கள் ஐந்து பேர்.
எல்லா டப்பாவையும் அம்மா திறந்து துடைப்பாள்.
தோலுக்குத்தாம்மா என்று நான் முடிப்பதற்குள்
தொண்ணூறடி ரோடு
தோலைத் தவிர மற்றதெல்லாம் பேசிவிடும்.

ஐசோட்ரெடினாயின் பெயரை மட்டும்
குரல் தாழ்த்திச் சொன்னாள்.
நன்றாகக் கேட்கும். உதடு வெடிக்கும்.
அவ்வப்போது ரத்தம் பார்க்கணும்.
மனசு காரணமில்லாமல் கனத்தால் உடனே வா.
சாப்பிடும் வரைக்கும், நிறுத்திய பின் ஒரு மாதமும்
பிள்ளை உண்டாகவே கூடாது.

தை பிறந்தால் பார்க்க வருகிறார்கள்.
முகம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் என்றால் பிள்ளை,
பிள்ளை என்றால் மாத்திரை ஆகாது,
மாத்திரை இல்லையென்றால் முகம்.
ஊர்ப் பக்கத்துச் செக்கு
தாராவியிலும் அதே வட்டம்தான் சுற்றுகிறது.

அந்த வெயில் வேலையை
கொஞ்ச நாள் மாற்றிக்கொள்ள முடியாதா?
நான் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு
கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நிமிடம் ஆகியிருந்தது.
முதலாவதையே எழுதினாள்.
இரவுச் சாப்பாட்டுக்குப் பின், சன்ஸ்கிரீன், குடை.
பலிக்காவிட்டால் மற்றதைப் பேசலாம்.

மூன்றாவது வாரம்.
மீட்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தெருவுக்குத் தெரு நிழல் குறித்து வைத்திருக்கிறேன்:
பதினொன்றுக்கு இடப்பக்கம், பேங்க் வரை.
பன்னிரண்டிலிருந்து இரண்டு, எங்குமில்லை.
மூன்றரைக்குப் பிறகு மசூதிச் சுவர்.
ஒரு கையில் குடை, ஒரு கையில் டார்ச்,
நோட்டு பல்லிடுக்கில்.

குறைஞ்சிருக்கா, என்கிறாள் அம்மா
ராத்திரி விளக்கடியில் என் தாடையைத் தூக்கி.
ரீடிங் எடுக்க முடியாத நாளில்
நாங்கள் எழுதுவதைச் சொல்கிறேன்:
கதவு பூட்டியிருந்தது.
மறுபடி வர வேண்டும்.